எண்பத்தெட்டாம் ஏடு

அரச அலுவலகச் சன்னலில் நின்றுகொண்டு, கேட்டதற்கு மேல் ஒரு சொல் பேசுகிறவனைப் போல மடையன் உலகத்தில் இல்லை என்பது இமெல்டாவின் கொள்கை. கேட்டால் ஓம், கேட்டால் இல்லை. அதற்கு மேல் வாயைத் திறப்பது வேலியால் போகிற ஓணானைப் பிடித்து மடிக்குள் விடுகிற வேலை. மன்னாரிலிருந்து வள்ளத்தில் ராமேஸ்வரம் போய், அங்கிருந்து எப்படியெப்படியோ மொன்றியல் வந்து சேர்ந்த பயணத்தில் பல நாட்டுச் சன்னல்களில் நின்று அவள் படித்த பாடம் அது. வந்து பதின்மூன்று வருடமாகியும் அந்தக் கொள்கையை மாற்ற அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஆகவே 2004ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் வேலைபார்க்கும் துறைமுகத்துக் களஞ்சியசாலையில் தடுத்து வைத்திருந்த, அசாமிலிருந்து வந்த ஒரு மரப்பெட்டியின் பொருட்பட்டியலை வாசித்தபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அனுப்பியவரே தன் கையால் எழுதிய பட்டியல். வெண்கலத் தட்டு ஒன்று, கம்பளி நான்கு, கைக்குறிப்புக் கொப்பிகள் அறுபத்திரண்டு, எழுத்து எழுதிய மரப்பட்டை நூற்றுப்பதினாறு துண்டு.

"மரப்பட்டையாம் அண்ணை! ஏட்டுப் புத்தகம் ஒண்டைப் போய் மரப்பட்டை எண்டு எழுதி வச்சிருக்கு மனுசி. புத்தகம் எண்டு எழுதியிருந்தா போன கிழமையே பெட்டி வீட்ட போயிருக்குமே" என்றாள்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற எமிலியானுஸ் ஊர்காவற்றுறைக்காரர். நிதானமான மனிதர். "உண்மையை எழுதியிருக்குதாக்கும்" என்றார்.

"உண்மை சொல்லத்தானே கோயில்ல பாவசங்கீர்த்தனம் இருக்கு. ஃபோர்மில என்னத்துக்கு?"

விஷயம் விளையாட்டல்ல. பதப்படுத்தாத மரப்பட்டைக்குள் மரம் அரிக்கிற பூச்சி ஒளிந்து வரலாம். கனடாவில் மரத்துக்குக் குறைவில்லை. ஒரு பூச்சி தப்பினாலும் காடு காடாகப் போய்விடும். அதனால் ஒவ்வொரு துண்டையும் அதிகாரி விளக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பூச்சி அகப்பட்டாலும் நூற்றுப்பதினாறு துண்டும் சூளைக்குப் போகும். வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பும் வழியும் உண்டு. ஆனால் அனுப்பும் இடம் என்ற கட்டத்தில், 'அந்த ஊரை ஆறு கொண்டுபோய்விட்டது' என்று அதே கையெழுத்தில் எழுதியிருந்தது.

அதிகாரிக்குப் பிரெஞ்சு மட்டும்தான் சரளம். பெட்டிக்காரிக்கு ஆங்கிலம். இரண்டும் தெரிந்த இமெல்டாவை மேற்பார்வையாளன் பிடித்துவிட்டான். நீயும் இந்தியாதானே என்றான். இலங்கை என்றாள். பக்கத்தில்தானே என்றான். மன்னாரிலிருந்து அசாம் எவ்வளவு தூரம் என்று அவனுக்கு விளக்கப் போனால் மதிய இடைவேளை முடிந்துவிடும் என்பதால் அவள் பேசாமல் கையுறைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

பெட்டிக்காரியின் பெயர் தருலதா பூயான். எழுபத்திரண்டு வயது. லாசாலில் இருக்கும் மகன் காலையில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். பொன்னிறப் பட்டுச் சேலைக்கு மேலே மகனுடைய குளிர்ச்சட்டை முழங்கால் வரை தொங்க, பனிச்சப்பாத்தோடு வந்து நின்ற உருவத்தைப் பார்த்ததும் இமெல்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு வெகுநேரம் நிற்கவில்லை.

"ஏனம்மா மரப்பட்டை எண்டு எழுதினீங்கள்?" இருவரும் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இமெல்டாவின் ஆங்கிலமும் மன்னார்த் தமிழ் மாதிரித்தான் இருக்கும்.

"மரப்பட்டைதானே."

"புத்தகம் எண்டு எழுதினா ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டினம்."

"புத்தகம் ஆனது பிறகு" என்றார் தருலதா. "அதற்கு முன்னால் அது ஒரு மரத்தின் தோல். அந்த மரத்துக்குச் சொந்தக்காரி ஒருத்தி இருந்தாள். மரத்தையும் அவளையும் மறைத்துவிட்டுப் புத்தகம் என்று மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை."

இந்த மனுசி தானே தன் தலையில் மண்ணை அள்ளிப் போடப் போகுது என்று இமெல்டா நினைத்துக்கொண்டாள்.

அதிகாரி மதாம் தெசொர்மோ ஒன்பது மணிக்கு வந்தாள். உயரமான, குறைவாகப் பேசுகிற பெண். விளக்கையும் உருப்பெருக்கியையும் மேசையில் பூட்டினாள். விடுவிக்கும் வரை உரிமையாளர் பொருளைத் தொடக் கூடாது, ஆகவே இமெல்டாதான் ஏட்டைப் புரட்ட வேண்டும் என்றாள். பிறகு படிவத்திலிருந்த முதல் கேள்வியைக் கேட்டாள். பொருளில் பூச்சியோ புழுவோ முட்டையோ இருப்பது உரிமையாளருக்குத் தெரியுமா?

இமெல்டா அதை ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அதைப் பற்றிச் சொல்ல வேண்டியது கடைசி ஏட்டில் எழுதியிருக்கிறது" என்றார் தருலதா. "கடைசி ஏட்டை முதலில் சொல்வது முறையில்லை. அங்கே வரும்போது சொல்கிறேன்."

பார்த்தீர்களா, கேட்டதற்கு மேல் பேச்சு! இதையெல்லாம் அப்படியே பிரெஞ்சில் போட்டால் அதிகாரியின் புருவம் ஏறும். இமெல்டா தன் கொள்கைப்படி சுருக்கினாள். "இல்லையாம், மதாம்."

மதாம் தெசொர்மோ ஒரு கட்டத்தில் அடையாளம் போட்டாள்.

பெட்டியைத் திறந்தபோது ஏட்டுக்கட்டு சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. தருலதா கைப்பையிலிருந்து அதே மாதிரி இன்னொரு துணியை எடுத்து, மேசையில் விரிக்கச் சொன்னார். ஏடு வெறும் பலகையில் படக் கூடாதாம். அதோடு நிற்கவில்லை. திறந்த ஏடு ஊமையாகக் கிடக்கவும் கூடாதாம். யார் எதற்காகத் திறந்தாலும் அந்த ஏட்டில் உள்ளதை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அடுத்ததைப் புரட்டலாம். அது அந்த ஊர் வழக்கம்.

இமெல்டா இதை அரை மனதோடு மொழிபெயர்த்தாள். அதிகாரி தோளைக் குலுக்கினாள். "சொல்லட்டும். நான் பார்ப்பது கண்ணால்."

முதல் ஏடு துணியில் இறங்கியது. ஒரு முழ நீளம், நாலு விரல் அகலம். இரண்டு பக்கமும் மஞ்சள் பூசி, அதன் மேல் கறுப்பு எழுத்து. அந்த மஞ்சளைக் கண்டதும் இமெல்டாவுக்கு ஒரு திடுக்கிடல். பேசாலையில் கூத்துக்காரர் முகத்துக்குப் பூசுகிற அரிதாரம் அல்லவா இது! கேட்டுப் பார்த்தாள். அதுவேதான். பூச்சிக்கு நஞ்சு, எழுத்துக்கு வெளிச்சம் என்றார் தருலதா. மை, கடுக்காயில் காய்ச்சியது. பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிச் சொல்லத் தொடங்கினார்.

மெல்லிய குரல்தான். பாட்டுமில்லாமல் பேச்சுமில்லாமல் இரண்டுக்கும் நடுவில் ஓடியது. இமெல்டாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் பத்தாவது ஏட்டுக்கு வரும்போது அவள் தோளைச் சரித்து நிற்பதை விட்டு நேராக நின்றாள். இருபதாவது ஏட்டில் எமிலியானுஸ் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து கொஞ்சத் தூரத்தில் நின்றார். "தவசு காலத்தில யேசுவின்ர பாடுகளைப் படிக்கிற பசாம் கேட்ட மாதிரிக் கிடக்கு பிள்ளை" என்று கிசுகிசுத்தார்.

பத்து ஏட்டுக்கு ஒரு தடவை அதிகாரி குறிப்பு எழுத நிறுத்துவாள். அந்த இடைவெளிகளில் இமெல்டா கேள்வி கேட்டாள். முதலில் பொழுதுபோக்காகத்தான் கேட்டாள். பிறகு விட முடியவில்லை.

தருலதாவுக்குப் பதினேழு வயதில் கலியாணம். மாமனார் கண்டிப்பான மனிதர். மருமகள் வாசிக்கலாம், எழுதக் கூடாது என்பது அவர் சட்டம். புருஷன் பள்ளிக்கூட வாத்தியார். அவர் திருத்திக் கழித்த பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில், நெல் சேர்க்கிற களஞ்சிய அறைக்குள் நெற்குவியலில் உட்கார்ந்து, தருலதா தன் முதல் நாவலை எழுதினார். தன் சொந்தப் பெயரில் அச்சிட்டார். மாமனார் இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாள் அந்த நாவலைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, நாற்பதாம் பக்கத்தில் நீ சொல்லுகிற ஆறு வடக்கே ஓடாது, மேற்கே ஓடுகிறது, திருத்து என்றாராம். அன்றிலிருந்து வீட்டில் எழுத்துக்குத் தடையில்லை.

"திருத்தினீங்களோ?"

"திருத்தினேன். அவர் சொன்னது சரி. முன்னுரையில் அவர் பெயரையும் போட்டேன்."

அதற்குப் பிறகு பதினான்கு புத்தகங்கள். ஆற்று மணல்திட்டு ஊர்களுக்கெல்லாம் வள்ளத்தில் போய், பெண்கள் கலியாணத்தில் பாடுவது, நாற்று நடும்போது பாடுவது, அம்மை போட்ட வீட்டில் பாடுவது என்று கேட்டுக் கேட்டு எழுதியதுதான் அந்த அறுபத்திரண்டு கொப்பி. படி ஏற்றாத வீடுகளும் உண்டு. அந்த இரவுகளில் வள்ளத்திலேயே படுத்திருக்கிறார். ஒரு பாட்டின் பிற்பாதி தெரிந்த ஒருத்தியைத் தேடி மூன்று மழைக்காலம் அலைந்து, அவள் இறந்த மறுநாள் போய்ச் சேர்ந்திருக்கிறார். அந்தப் பாட்டைப் பாதியாகவே அச்சிட்டு, மீதிப் பக்கத்தை வெள்ளையாக விட்டாராம்.

இமெல்டா அலுவலகத்தில் ஒரு படிவத்தின் மூன்றாம் பக்கத்தைத் தேட ஐந்து நிமிடமானாலே மேசையைக் குத்துகிறவள். அவளுக்கு இந்த மனுசி எந்த மண்ணால் செய்யப்பட்டவர் என்று விளங்கவில்லை. 

மதியச் சாப்பாட்டு வேளையில், பாணைப் பிய்த்துத் தின்றுகொண்டே, ஏட்டின் கதையைக் கேட்டாள். தருலதாவின் ஊர்ப் பிரார்த்தனை மண்டபத்தில் சிலை கிடையாது. பீடத்தில் இருந்தது ஒரு பழைய பட்டை நூல். கும்பிடுவது அதன் முன்னால்தான். ஆறு வருடா வருடம் கரையைக் கடித்துக்கொண்டு மண்டபத்தை நெருங்கியது. நூலுக்கு ஒரு பிரதி எடுக்க வேண்டும். பழைய எழுத்தை எழுதத் தெரிந்த கிழவர் செத்துப் போனார். தெரிந்த இன்னொரு கை தருலதாவுடையது. ஆனால் பெண் அந்த மண்டபத்துக்குள் போகக் கூடாது. ஊர் கூடி ஒன்பது நாள் வாதாடியது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

"நான் வெளியே, சன்னலுக்குக் கீழே உட்கார வேண்டும். தீர்த்தநாத் என்றொரு பெரியவர் உள்ளே இருந்து ஏட்டைச் சன்னல் கம்பிக்கு நேராகப் பிடிப்பார். நான் பார்த்து எழுதுவேன். இரண்டு குளிர்காலம். பனியில் கை விறைத்தால் அவர் கம்பிக்கு உள்ளேயிருந்து தணல் சட்டியை நீட்டுவார்."

"உங்களுக்குக் கோவம் வரேல்லையோ? உங்கட கை வேணும், கால் வேண்டாமாமோ?"

"வந்தது" என்றார் தருலதா. "கோபத்தையும் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். கோபம் வந்தால் எழுத்து நேராக வரும் எனக்கு."

எழுதி முடித்த மறு வருடம் வெள்ளத்தில் மண்டபமும் மூல நூலும் போயின. ஊர் பின்வாங்கிப் போய்ப் புதிதாகக் கட்டிய மண்டபத்தில் தருலதாவின் ஏடு பீடம் ஏறியது. அந்த மண்டபத்துக்குள் பெண்களும் போகலாம் என்று ஊர் தீர்மானித்தது. பெண் எழுதிய நூலை வைத்துக்கொண்டு பெண்ணை வெளியே நிறுத்த அவர்களுக்கே வெட்கமாகிவிட்டது. முப்பத்தைந்து வருடம் கழித்து அந்த ஊரும் ஆற்றோடு போனபோது, சிதறிய சனங்கள் ஏட்டை அவர் கையில் கொடுத்தார்கள். வருகிற சனிக்கிழமை லாசாலில் ஒரு வாடகை மண்டபத்தில், இந்த நகரத்தின் பதினொரு அசாமியக் குடும்பங்களும் தங்கள் தைத் திருநாளுக்குக் கூடுகின்றன. அங்கே வெறும் பீடம் காத்திருந்தது.

இமெல்டா பாணைக் கீழே வைத்தாள். அவளுக்குத் தங்கள் கோயில் பீடத்தில் இருந்த நற்கருணைப் பேழை நினைவு வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. எண்பதுகளில் ஒரு நாள் அவர்கள் ஊர்க் கோயில் எரிந்தபோது ஞானஸ்நானப் பதிவேடும் எரிந்துபோயிற்று. பிறகு எந்த நாட்டுச் சன்னலில் நின்றாலும், நீ பிறந்ததற்கு என்ன சாட்சி என்று கேட்டார்கள். ஒரு புத்தகம் எரிந்தால் எத்தனை பேர் பிறக்காதவர்களாகிவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். இந்த ஏடு எரியக் கூடாது. அவ்வளவுதான். அன்று மதியம் ஒரு மணிக்கு இமெல்டாவுக்கு உலகத்தில் வேறு கவலை இல்லை.

மூன்று மணிக்குப் பிறகு வெளிச்சம் குறையத் தொடங்கியது. எண்பத்தெட்டாவது ஏட்டைத் துணியில் இறக்கிய அந்தக் கணத்தில், கீழ்க்கரையோரம் அவள் கண்ணில் ஒன்று பட்டது. எள்ளளவுதான். ஆறு காலும் தெரிந்தன.

மதாம் தெசொர்மோ அப்போதுதான் பேனையின் மூடியைத் தேடிக் குனிந்திருந்தாள்.

இமெல்டா யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள் என்றும் சொல்ல முடியாது. பெருவிரல் தானாகப் போய் அதன் மேல் அழுந்தியது. எடுத்தபோது ஒரு செதில் மஞ்சளோடு அது கையுறையில் ஒட்டிக்கொண்டு வந்தது. "கையுறை கிழிஞ்சு போச்சு, மதாம்" என்று அதை உள்வெளியாகத் திருப்பிக் கழற்றி, உருட்டி, சட்டைப்பையில் போட்டு, புதிதொன்றை மாட்டிக்கொண்டாள். அதிகாரி ஏட்டைப் பார்த்தாள். மஞ்சள் பெயர்ந்த ஒரு சிறு குழியைக் குறித்துக்கொண்டு தலையை அசைத்தாள்.

தருலதா அந்த ஏட்டைச் சொல்லி முடித்த பிறகு ஒரு தடவை கைகூப்பினார். பிறகு அடுத்ததைத் தொடங்கினார்.

இமெல்டா புதுக் கையுறையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். மாதாவே, காப்பாற்றிப் போட்டன் என்று மனதுக்குள் சொன்னாள். பொய் சொன்ன குற்ற உணர்வு துளியும் இல்லை. ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணம் செய்யலாம் என்றால், ஒரு பூச்சியை மறைத்து ஒரு கடவுளைக் காப்பாற்றக் கூடாதா?

நூற்றுப்பதினாறாவது ஏடு வந்தபோது ஐந்து மணியாகப் பத்து நிமிடம். வேலை முடிந்த ஏழெட்டுப் பேர் வீட்டுக்குப் போகாமல் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். தருலதா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"இது எல்லோருக்கும் விளங்க வேண்டிய ஏடு. ஆகையால் ஆங்கிலத்தில் சொல்கிறேன். இவள் உங்களுக்கு உங்கள் மொழியில் சொல்வாள்."

இமெல்டா பெருமையோடு அருகில் போய் நின்றாள். வரிக்கு வரி பிரெஞ்சில் சொன்னாள்.

"மரம் கொடுத்தவள் விதவை ரூபேஸ்வரி. அவள் வீட்டுக்குப் பின்னால் நின்றது, அவள் புருஷன் நட்டது. பட்டை உரித்தவர்கள் லோகநாத்தும் அவன் தம்பி தோனாயும். அரிதாரம் அரைத்தவர்கள் பெண்கள் ஏழு பேர்." ஏழு பெயரும் வந்தன. "சன்னலுக்குள் நின்று ஏடு பிடித்தவர் தீர்த்தநாத். இதை ஒரு பெண் எழுதக் கூடாது என்று ஒன்பது நாள் வாதாடியவர்கள் ஐந்து பேர். அவர்களும் இந்த நூலின் மேல் உள்ள அன்பினால்தான் வாதாடினார்கள்." அந்த ஐந்து பெயரும் வந்தன. "எழுதியவள் தருலதா. பிழையெல்லாம் என்னுடையவை."

 தன்னை வெளியே நிறுத்தியவர்களின் பெயரையும் முப்பத்தைந்து வருடம் பீடத்தில் வைத்துக் கும்பிட விட்ட மனுசியை இமெல்டா அதுவரை பார்த்ததில்லை.

தருலதா கடைசி வரிக்கு வந்தார். "இந்த வேலையில் ஓர் உயிர் போனது. எண்பத்தெட்டாம் ஏட்டில் மஞ்சள் பூசும்போது ஒரு சிறு பூச்சி வந்து ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுத்தால் ஏடு கெடும். ஏட்டைக் காப்பாற்றி அதைச் சாக விட்டேன். மேலே மஞ்சள் பூசி அங்கேயே வைத்திருக்கிறேன். வாசிப்பவர்கள் அதற்காகவும் கும்பிடுங்கள்."

மதாம் தெசொர்மோ இமெல்டாவைப் பார்த்தாள். பேனை தயாராக இருந்தது.

இமெல்டாவின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. 

ஒரு வரியை விழுங்கினால் போதும். அதிகாரிக்கு இவ்வளவு ஆங்கிலம் விளங்காது. தருலதாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. 'பிழையெல்லாம் என்னுடையவை' என்பதோடு முடித்துவிட்டால் முத்திரை விழும், பெட்டி லாசாலுக்குப் போகும், சனிக்கிழமை பீடம் நிறையும். சொன்னாலோ, எண்பத்தெட்டாம் ஏட்டில் இருப்பதாக எழுதியிருக்கிற பூச்சி எங்கே என்று கேட்பாள். அது இமெல்டாவின் சட்டைப்பையில் இருக்கிறது. அதிகாரியின் கண்ணில் மண்ணைத் தூவி ஒளித்த பூச்சி. சூளைக்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

அவள் தருலதாவைப் பார்த்தாள். அந்த மனுசி சிவப்புக் கரைத் துணியின் பக்கத்தில் கைகூப்பி நின்றார், தன் வரி மற்ற மொழியில் போய்ச் சேருவதற்காகக் காத்துக்கொண்டு. ஒரு துளிச் சந்தேகம்கூட அந்த முகத்தில் இல்லை. நாற்பது வருடமாக இந்த ஏட்டை ஒரு பூச்சியும் தின்னவில்லை என்று இமெல்டா நினைத்தாள். இன்றைக்கு இதில் ஒரு வரியைத் தின்னப் போகிறவள் நான். முதல் பூச்சி நான்தான்.

அந்த நினைப்பு வந்த பிறகு அவளால் விழுங்க முடியவில்லை. வரியை முழுதாகச் சொன்னாள். சொல்லி முடித்த கையோடு சட்டைப்பையிலிருந்து உருட்டிய கையுறையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"பூச்சி இதுக்குள்ள இருக்கு, மதாம். ஒளிச்சது நான். அவவுக்குத் தெரியாது. இன்னுமொண்டு. காலமை நீங்கள் பூச்சி இருக்கோ எண்டு கேட்டதுக்கு அவ இல்லை எண்டு சொல்லேல்ல. கடைசி ஏட்டில சொல்லுறன் எண்டுதான் சொன்னவ. இல்லை எண்டு சொன்னது நான்." இதையே தருலதாவுக்கும் ஆங்கிலத்தில் சொன்னாள்.  கண்ணீர் வந்தது, அதை மறைக்கவில்லை.

மதாம் தெசொர்மோ பேனையைக் கீழே வைத்தாள். "நீ செய்தது என் வேலைக்கு உலை வைக்கிற காரியம்" என்றாள். "உன் வேலைக்கும்." பிறகு கத்தரிக்கோலை எடுத்துக் கையுறையை வெட்டினாள்.

 அதிகாரி செதிலை உருப்பெருக்கியின் கீழே வைத்தாள். எண்பத்தெட்டாம் ஏட்டை மறுபடி இறக்கச் சொன்னாள். இறக்கியதுமே தருலதாவின் குரல் மறுபடி எழுந்தது. திறந்த ஏடு ஊமையாகக் கிடக்கக் கூடாதல்லவா. அந்தக் குரலின் கீழே அதிகாரி இடுக்கியால் செதிலைத் தூக்கிக் குழியில் வைத்துப் பார்த்தாள். விளிம்புக்கு விளிம்பு பொருந்தியது. அடியிலும் மஞ்சள், மேலேயும் மஞ்சள், நடுவில் எள்ளளவு உயிரின் காய்ந்த கூடு.

அவள் விளக்கை அணைத்தாள். "இது என் வயதைவிட அதிக காலமாகச் செத்துக் கிடக்கிறது" என்றாள். "நஞ்சுக்குள் புதைந்திருக்கிறது. முட்டையிடவில்லை, துளைக்கவில்லை. எங்கே இருக்கிறது, எப்படிச் செத்தது என்று பொருளிலேயே எழுதியிருக்கிறது. இருபத்தோரு வருட வேலையில் தன் பூச்சியைத் தானே அறிவித்த பொருளை நான் பார்த்ததில்லை." படிவத்தின் முதல் கட்டத்திலிருந்த 'இல்லை'யை வெட்டி 'ஆம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு பத்தி நீளத்துக்கு விளக்கம் எழுதினாள். பிறகு இமெல்டாவிடம் சொன்னாள்: "அது கையுறையோடு குப்பைக்குப் போயிருந்து, இந்த வரியை நான் கேட்டிருந்தால், காணாமல் போன பூச்சிக்காக எல்லாவற்றையும் எரித்திருப்பேன். இரண்டு நாள் உறைகுளிரில் வைத்து எடுக்கட்டும். வெள்ளிக்கிழமை விடுவிக்கிறேன்."

"உறைகுளிருக்கு எங்க போறது? கதவைத் திறந்து விட்டாப் போதும்" என்றார் எமிலியானுஸ், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

தருலதா ஒன்று மட்டும் கேட்டார். அந்தச் செதிலை அதன் இடத்திலேயே ஒட்டித் தர முடியுமா? அதிகாரி இடுக்கியை எடுத்தாள். தன் கையாலேயே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு துளிப் பசையில் அதை அதன் வீட்டில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை மகனோடு பெட்டியை எடுக்க வந்த தருலதா, நேரே இமெல்டாவின் மேசைக்கு வந்தார். கடைசி ஏட்டைத் துணியில் விரித்தார். எழுத்துக்குக் கீழே இரண்டு விரல் அகலம் மஞ்சள் வெறுமையாக இருந்தது. கைப்பையிலிருந்து ஒரு சிறு மைக்கூடும் நாணற்பேனையும் வெளியே வந்தன.

"நூலுக்குத் துணை செய்தவர்கள் பெயர் இதில் இருக்க வேண்டும். அந்த அதிகாரியின் பெயரைக் கேட்டு எழுதிவிட்டேன். தொப்பியைக் கழற்றி நின்றவரின் பெயரையும். உன் பெயர், தகப்பன் பெயர், ஊர்."

"இமெல்டா. அருமைராசாவின்ர மகள். மன்னார், பேசாலை." சொல்லிவிட்டு வழக்கம் போல அடுத்த கேள்விக்குக் காத்திருந்தாள். சாட்சி என்ன என்று தருலதா கேட்கவில்லை. எழுதிக்கொண்டே போனார். வரி நீண்டுகொண்டே போனது. இமெல்டாவுக்குப் பயம் பிடித்தது.

"அம்மா, நான் ஒளிச்சதையும் எழுதுறீங்களோ?"

"ஒளித்தாய் என்று எழுதியாயிற்று. எடுத்துக் கொடுத்தாய் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்." பேனை நின்றது. "எதையாவது விடச் சொல்கிறாயா?"

கேட்டதற்கு மேல் ஒரு சொல் பேசாதவள் இமெல்டா. 

"வேண்டாம்" என்றாள். "நான் அழுததையும் போடுங்கோ."

தருலதா போட்டார். மை காயும் வரை இருவரும் காத்திருந்தார்கள். இமெல்டா குனிந்து அந்த வரியைப் பார்த்தாள். கோயில் பதிவேடு எரிந்த பிறகு அவள் பெயர் ஏறிய முதல் புத்தகம் அது. எந்த எழுத்து தன் பெயர், எது பொய் சொன்ன இடம், எது உண்மை சொன்ன இடம் என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. எல்லாம் ஒரே மையில் இருந்தது.